சம்பந்தி மூன்று கிலோ முன்னால்

ஜனவரி 21

டயட்டீசியன் அம்மா இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார். தினமும் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு சாப்பிட்டேன், அப்போது மனது எப்படி இருந்தது, மூன்றையும் எழுத வேண்டுமாம். மூன்று மாதம் கழித்து வாங்கிப் பார்ப்பாராம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லாரி நம்பர்தான்.

பெயர் சென்னியப்பன். வயது 54. சங்ககிரியில் லாரி எடை மேடை வைத்திருக்கிறேன். என் எடை 128.400. எங்கள் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் என்பதால் அங்கே நான் 130. மேடைக்குப் பக்கத்தில் போனாலே டிரைவர்கள், "அண்ணா, தள்ளி நில்லுங்க, கம்பெனிக்காரன் லோடு கூடுதல்ம்பான்" என்பார்கள். இருபது வருடமாக இதே ஜோக். நானும் இருபது வருடமாகச் சிரிக்கிறேன்.

சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்காததால் நாளைக்கு இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுக்கப் போகிறார்கள். காலை எட்டு மணிக்கு எனக்கு. பதினொரு மணிக்கு என் சம்பந்தி குழந்தைவேலுக்கு. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். என் ஒரே மகள் மேகலாவை அவர் மகன் பிரதீப்புக்குத்தான் கொடுத்திருக்கிறேன். சம்பந்தியம்மா போய் ஐந்து வருடம் ஆகிறது. அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் இதே டாக்டர். அவர் எடை 131.

சாப்பிட்டது: ஒன்றுமில்லை, வெறும் வயிறு. மனது: அவர் என்னைவிட இரண்டரைக் கிலோ கூடுதல் என்பதால் நன்றாக இருந்தது.

ஜனவரி 24

தண்ணீர், முப்பது மில்லி. மருந்து பாட்டில் மூடியில் ஊற்றித் தருகிறார்கள். அதைக் குடித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகிறது.

எனக்கு 304-ஆம் அறை, சம்பந்திக்கு 306. என்னோடு என் மனைவி துளசிமணி. அவரோடு மேகலா. மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். மேகலாவை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். மாசமாக இருக்கிறாள், இது நாலாம் மாதம். அந்த உடம்போடு மாமனாருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும் நடக்கவைப்பதுமாக இருக்கிறாள். இன்று என் அறைக்கு ஏழு முறை வந்தாள். ஏழில் மூன்று முறை துளசியிடம் ஏதோ வாங்கிப் போக வந்தது.

துளசியிடம் சொன்னேன். "அவருக்கு ஆருங்க இருக்கறா? உங்களுக்குத்தான் நான் இருக்கறனே" என்றாள். அதுவும் சரிதான்.

பிப்ரவரி 2, வெள்ளி

பருப்புத் தண்ணீர் நூறு மில்லி. மோர் ஐம்பது.

குடும்ப வாட்ஸாப்பில் பாப்பா புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு பேரும் எடை போட்டுப் போட வேண்டும். என்னுடையது 121.800. சம்பந்தி 122.400. அதாவது நான் ஆறரைக்குக் கொஞ்சம் மேலே இறக்கியிருக்கிறேன், அவர் எட்டரைக்கு மேல். பாப்பா அவருக்கு மூன்று கைதட்டல் போட்டிருந்தாள். எனக்கு இரண்டு. விரல் தவறியிருக்கும்.

பிப்ரவரி 7

டிரைவர் ஒருவர் என் மேடைக் கேபினில் உட்கார்ந்து பரோட்டா பிய்த்தார். நான் பில் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் லாரி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினான்கு டயர்.

பிப்ரவரி 16, வெள்ளி

நான் 117.900. அவர் 117.500. மொத்தக் குறைவில் சம்பந்தி மூன்று கிலோ முன்னால் போய்விட்டார். அவரைவிட நான் கனம் என்பது இதுவே முதல் முறை. கைதட்டல் எண்ணவில்லை. நான்கு.

பிப்ரவரி 18

காலையில் யாருக்கும் சொல்லாமல் ஈரோட்டுக்குப் போனேன். பக்கத்தில்தானே, இருபது கிலோமீட்டர். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரம்மா பூங்காவில் இருப்பார்கள் என்றார்.

பூங்காவில் சம்பந்தி முன்னால் நடக்கிறார். பாப்பா ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் தோளில் துண்டுமாகப் பின்னால் நடக்கிறாள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, "மாமா, மூச்சு வாங்குது பாருங்க, செத்த உக்காருங்க" என்று உட்காரவைக்கிறாள். துண்டை நீட்டுகிறாள். நான் வேப்ப மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நூற்றுப் பதினேழு கிலோ ஆளை மறைக்க அந்த மரம் போதாது. பாப்பா பார்த்துவிட்டாள்.

மஞ்சள் விலை விசாரிக்க வந்தேன் என்று சொன்னேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் பாப்பா கைப்பட எழுதிய அட்டவணை தொங்குகிறது. ஆறரைக்குத் தண்ணீர், ஏழேகாலுக்கு நடை, எட்டுக்குக் கஞ்சி, எட்டரைக்கு மாத்திரை. மாத்திரைக்குப் பச்சை மை, கஞ்சிக்கு நீலம். பள்ளிக்கூடத்தில் அவள் பூகோளப் படத்துக்கு இப்படித்தான் வண்ணம் தீட்டுவாள். அப்போது பென்சில் சீவிக் கொடுத்தவன் நான்.

என் வீட்டுச் சுவரில் சிமெண்டு கம்பெனி காலண்டர் ஒன்று தொங்குகிறது.

மார்ச் 3

பாப்பா இரண்டு நாள் தங்க வந்திருக்கிறாள். துளசி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தாள். எனக்கு மசித்த முட்டை, மூன்று ஸ்பூன். நான் மூன்றாவது ஸ்பூனை முடித்ததும் பாப்பாவும் ஒரு இட்லியோடு தட்டைத் தள்ளிவிட்டாள். துளசி சத்தம் போட்டாள்.

"அப்பா முன்னால எப்படிம்மா நான் மட்டும் திங்கறது?" என்றாள் பாப்பா.

எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று இங்கே எழுதுகிறேன். மிகவும் சந்தோசமாக இருந்தது. ஒரு கவளம்கூட இறங்காமல் வயிறு நிறைந்தது. அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. அங்கேயும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"ஆமாப்பா. மாமா பாவம். கொழம்பு வாசம் வந்தாலே எந்திரிச்சு வாசலுக்குப் போயிர்றாரு. அதனால நானும் கஞ்சியே குடிச்சுக்கறேன்."

எனக்கு மட்டும் என்று நினைத்தது எனக்கு மட்டும் இல்லை.

பாப்பா குளிக்கப் போனதும், "புள்ள எளைச்சுட்டா, கவனிச்சீங்களா?" என்றாள் துளசி. அவளுக்கு யாரைப் பார்த்தாலும் இளைத்துத்தான் தெரியும். நான் 128 இருந்தபோதே என்னை இளைத்துவிட்டேன் என்றவள். தவிர, எங்கள் குடும்பத்தில் இப்போது இளைத்தவர்களைப் பாராட்டுவதுதான் பழக்கம்.

மார்ச் 5

ஒரு யோசனை வந்திருக்கிறது. புரதப் பவுடர் ஒரு கரண்டி நூற்றிருபது கலோரி என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று கரண்டி குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் குடிக்காவிட்டால் அவ்வளவும் மிச்சம்தானே?

மார்ச் 9

பவுடரைக் கரைத்து எடுத்துக்கொண்டு மேடைக்குப் போகிறேன். கேபினுக்குப் பின்னால் இருக்கும் முருங்கைக்கு ஊற்றுகிறேன். துளசி டம்ளரைப் பார்த்து, காலியாக இருப்பதில் சந்தோசப்படுகிறாள். முருங்கை செழிப்பாக இருக்கிறது.

மார்ச் 15, வெள்ளி

நான் 110. அவர் 111. மொத்தக் குறைவில் இன்னும் அவர்தான் முன்னால், ஆனால் ஒன்றரைக் கிலோதான். சம்பந்தி போன் செய்து, "என்னங்க சம்பந்தி, பின்னாலயே வர்றீங்க. என்ன சாப்படறீங்கன்னு எனக்கும் சொல்லுங்க" என்று சிரித்தார். எல்லாம் அட்டவணைப்படிதான் என்றேன்.

மார்ச் 20

சீப்பில் முடி கொத்தாக வருகிறது. இருந்ததே கொஞ்சம். சிமெண்டு லோடு ஒன்றுக்கு 24 டன் என்பதை 42 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். லாரிக்காரர் வந்து கத்தினார். எழுதும்போது எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. வெயில்.

மார்ச் 22, வெள்ளி

பாப்பா போனில், "சூப்பர்ப்பா, நீங்கதான் ஃபர்ஸ்ட்" என்றாள்.

மார்ச் 29, வெள்ளி

இன்று எடையைப் பற்றி எழுதத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். ஒன்பதாம் மாதம் பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போவோம். உறவெல்லாம் உட்கார்ந்து சாப்பிடும். பிறகு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவோம். கட்டுச்சோறு என்று பெயர். ஜூன் மாதம் எங்கள் முறை. நான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று இதுவரை இந்த நோட்டில் எழுதவில்லை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மத்தியானம் பாப்பா போன் செய்தாள்.

"அப்பா, தப்பா நெனைக்காதீங்க. பிரசவத்த ஈரோட்டுலயே வெச்சுக்கலாமான்னு நெனைக்கறேன். நான் வந்துட்டா மாமாவ ஆரு பாத்துக்குவாங்க? அம்மா வந்து ஒரு மாசம் இருந்தாப் போதும்."

"உன் இஷ்டம் சாமி" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. வைத்துவிட்டு ஸ்வீட் கடைக்குப் போய் மைசூர்பாகு கால் கிலோ வாங்கினேன். ஒன்றைத் தின்றேன். பத்தாவது நிமிடம் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, கேபின் தரையில் படுத்துவிட்டேன். வெட்டிய வயிற்றுக்கு இனிப்பு ஆகாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ராசிபுரம் டிரைவர் ஒருவர் பில் புத்தகத்தால் விசிறினார். மிச்ச மைசூர்பாகை அவருக்கே கொடுத்தேன்.

சாப்பிட்டது: மைசூர்பாகு ஒன்று. மனது: அவளைக் கல்யாணம் செய்து கொடுத்தது அந்த ஆளுடைய மகனுக்கா, அந்த ஆளுக்கு நர்ஸ் வேலை பார்க்கவா என்று தோன்றியது. இந்த வரியை டயட்டீசியன் அம்மா படிக்கக் கூடாது. அடித்துவிடலாம் என்றால் மனது வரவில்லை.

ஏப்ரல் 8

மாப்பிள்ளையிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். உங்கப்பாவுக்கு ஒரு சமையல் ஆள் வைத்தால் என்ன என்று. "மேகலா கையில சாப்ட்டாத்தாங்க மாமா அவருக்கு எறங்குது" என்றார். எனக்கு யார் கையில் சாப்பிட்டாலும் இறங்குவதில்லை. யாரிடம் சொல்வது?

ஏப்ரல் 19, வெள்ளி

நான் 101.200. அவர் 105.300. இருபத்தேழுக்கு இருபத்தைந்தே முக்கால். ஒன்றரைக் கிலோ முன்னால் இருப்பது நான். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் மூன்றாம் மாதப் பரிசோதனை. பாப்பா கல்யாணத்துக்குத் தைத்த சட்டையை எடுத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காரும் இடம் இருக்கிறது.

ஏப்ரல் 22

இதை நான் ஒழுங்காக எழுத வேண்டும். யாரிடமும் காட்டப் போவதில்லை என்பதால் எழுதிவிடலாம்.

சம்பந்தி காரில் போனோம். அவர் ஓட்டினார். பாப்பாவும் வந்தாள். இரண்டு பேருடைய ஃபைலும் அவளிடம்தான் இருந்தது.

டயட்டீசியன் அம்மா முதலில் என்னை ஏற்றினார். நான் கல்யாணச் சட்டையில் நின்றேன். பிறகு சம்பந்தி. கணக்குப் பார்த்து, "ஐயா, நீங்க கொஞ்சம் வேகமா எறங்கறீங்க. பவுடர் எடுக்கறீங்களா?" என்று என்னைக் கேட்டார். தினமும் மூன்று கரண்டி என்றேன். நோட்டைக் கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். அது என் பையில், தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் இருந்தது.

ஜெயித்தவனுக்கு வரும் குஷி எனக்கு. பாப்பாவைப் பார்த்து, "நீயும் ஏறு சாமி, குடும்பத்துக்கே இன்னைக்கு எடை போட்டுருவோம்" என்றேன்.

"வேண்டாம்ப்பா."

"அட ஏறு. உங்கப்பன் தொழிலே அதுதான்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். 53.400.

இருபது வருடமாக எடை படிக்கிறேன். வண்டி மேடைக்குத் திரும்பும்போதே சக்கரத்துக்கு மேலிருக்கும் வில் பட்டை எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்து டன் சொல்லுவேன். தார்ப்பாயை மேடாகக் கட்டிக்கொண்டு உள்ளே பாதி லோடுகூட இல்லாமல் வருகிற வண்டியையும் சொல்லுவேன். என் மகள் மூன்று மாதமாக வயிற்றைத் தாங்கிக்கொண்டு என் முன்னால் நடந்திருக்கிறாள். துப்பட்டாவுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த தோள் எலும்பை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

டயட்டீசியன் அம்மா பேனாவை மூடினார். "எத்தனாவது மாசம்மா?"

"ஏழுங்க."

"மாசமாகறப்ப எவ்வளவு இருந்தீங்க?"

"அம்பத்திரண்டுங்க."

"நேத்துக் காலையிலருந்து என்னென்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க."

பாப்பா சொன்னாள். காலையில் ராகிக் கஞ்சி ஒரு டம்ளர். பதினொரு மணிக்கு மோர். மத்தியானம் பருப்புப் போட்டுக் குழைத்த சோறு, நான்கு ஸ்பூன். சாயங்காலம் சுண்டல் கொஞ்சம். அதற்குப் பிறகு சூப். அது எனக்கும் சம்பந்திக்கும் அந்த அம்மா எழுதிக் கொடுத்த பட்டியல். வரிசைகூட மாறவில்லை.

"ஏம்மா?"

"வீட்ல மாமாவும் நானும்தானுங்க. அவரு நாலு ஸ்பூனோட கையக் கழுவிட்டு உக்காந்திருக்கறப்ப நான் எப்படிங்க தட்டு நெறையப் போட்டுக்கறது? அப்பா வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். மொதல்ல பசிச்சுது. இப்பப் பழகிருச்சுங்க." செருப்பை மாட்டிக்கொண்டாள். "எல்லாரும் கொறஞ்சாத்தான் சந்தோசப்படறாங்க. நான் மட்டும் ஏறுனா…"



பிரசவத்துக்குக் காட்டும் ஈரோட்டு டாக்டரும் போன மாதமே எடை பத்தவில்லை என்று சொல்லியிருக்கிறார். மாமாவின் பரிசோதனை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இவள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

சம்பந்தி நாற்காலியைவிட்டு எழுந்து சுவரைப் பார்த்து நின்றார். "எம் மண்டியில மூட்டைக்கு நூறு கிராம் கொறஞ்சாக் கூடக் கையில தூக்கிப் பாத்தே சொல்லிப்புடுவனுங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அங்கேயே ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தை கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, துடிப்பு நன்றாக இருக்கிறது, இன்னும் நாள் இருக்கிறது, சாப்பாடு ஏற வேண்டும், இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்றார் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா. அந்த அரை மணி நேரம் வெளியே பெஞ்சில் நானும் சம்பந்தியும் உட்கார்ந்திருந்தோம். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த பெஞ்சில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் போதாது. இன்றைக்கு நடுவில் ஒரு ஆள் இடம் இருந்தது.

அவினாசியில் சம்பந்தி ஹோட்டல் முன்னால் காரை நிறுத்தினார். பாப்பாவுக்கு நெய் ரோஸ்ட் சொன்னோம். நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்தோம். பாதி தின்றுவிட்டு, போதும் என்று வைத்துவிட்டாள். இரண்டு கிழவர்கள் எதிரே உட்கார்ந்து முறைத்தால் யாருக்கு இறங்கும்?

வீட்டுக்கு வந்து துளசியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. அது நன்றாக இல்லை. சம்பந்தி மேல் கோபம் வர வேண்டும் என்று முயன்றேன். வரவில்லை. மார்ச் 3-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். மிகவும் சந்தோசமாக இருந்தது என்று என் கையால், தெளிவாக எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 23

பவுடர் மூன்று கரண்டி. குடித்தேன்.

ஏப்ரல் 24

விளக்குமாறு வாங்குவதற்குக்கூட காலண்டர் பார்க்கிற துளசி நாள் பார்க்கவில்லை. விடிவதற்குள் ஐந்து வகைச் சோறு கட்டிவிட்டாள். ஏழாம் மாதத்தில், சொந்தபந்தம் யாரும் இல்லாமல், டிபன் கேரியரில் ஒரு கட்டுச்சோறு. ஊரில் பேசுவார்கள். பேசட்டும்.

சம்பந்தி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பாப்பாவின் பெட்டியை அவரே கட்டி வைத்திருந்தார். மாத்திரைகளைத் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே நேரம் எழுதியிருந்தார். கையெழுத்து என்னுடையதைவிட மோசம்.

பாப்பாதான் அழுதாள். கஞ்சி அடிப்பிடிக்காமல் எப்படிக் கிண்டுவது என்று கடைசி வரை அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் அவர் காலில்தான் விழுந்தாள். நான் கவனித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கார்க் கதவைச் சாத்தும்போது சம்பந்தி குனிந்து என்னிடம் சொன்னார்: "நான் கேக்கக் கூடாதுங்க. தெரியாம எம் மகளப் பட்டினி போட்டுட்டேன். ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போலாமுங்களா?"

"எம் மகள்" என்றார். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். "ரெண்டு பேருந்தாங்க போட்டோம். வாங்க" என்றேன்.

ஏப்ரல் 26

பாப்பாவுக்கு வயிறு சுருங்கிவிட்டது. கூட ஒரு ஆள் சாப்பிட்டால் சாப்பிடுகிறாள், நிறுத்தினால் நிறுத்துகிறாள். துளசி அடுப்பை விட்டு நகர முடியாது. எதிரே உட்காரும் வேலை எனக்கு. எனக்கு அளவு ஒரு இட்லி. நேற்று அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். அவளும் இரண்டோடு எழுந்துவிட்டாள். துளசி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

இன்று அதே இட்லியை இருபத்தைந்து நிமிடம் ஓட்டினேன். நடுவில் 42 டன் சிமெண்டு கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே மூன்று சாப்பிட்டாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

சம்பந்தி நாட்டுக்கோழி முட்டை முப்பதோடு காலையிலேயே வந்துவிட்டார். வந்ததும் பாப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார்.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். பாப்பாவுக்குத் தோசை, கறிக்குழம்பு. எங்கள் தட்டில் ஆளுக்கு ஒரு இட்லி. குழம்பு வாசத்துக்கு அவர் எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. மண்டியில் எலி மஞ்சள் மூட்டைக்குள் விழுந்து மஞ்சளாக ஓடிய கதையை ஆரம்பித்தார். மனிதர் கதை சொல்லுவார் என்று எனக்குத் தெரியாது. ஒரு விள்ளலை எடுப்பார், வாய் வரை கொண்டுபோவார், கதை ஞாபகம் வந்து மறுபடி தட்டில் வைப்பார். பாப்பா முதல் தோசை, இரண்டாவது தோசை என்று போய்க்கொண்டிருந்தாள். என் சிமெண்டு கதைக்கு அவள் இவ்வளவு சிரிக்கவில்லை.

எரிச்சலில் கவனமில்லாமல் மென்றுவிட்டேன் போலிருக்கிறது. மூன்றாவது தோசையின் பாதியில் குனிந்து பார்த்தால் என் தட்டில் ஒன்றுமே இல்லை. பாப்பாவும் அதைப் பார்த்தாள். அவள் கை மெதுவானது.

சம்பந்தி கதையை நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. தன் இட்லியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். அதுவரை அவர் தட்டில் முக்கால் இட்லி மிச்சம் இருந்திருக்கிறது. அதிலும் அவர்தான் முன்னால். எனக்கு வயிற்றில் துளி இடம் இல்லை. ஆனாலும் ஒரு ஓரத்தை, கடுகளவு கிள்ளி வாயில் வைத்து, மெல்ல ஆரம்பித்தேன்.

"அம்மா, இன்னொன்னு ஊத்து" என்றாள் பாப்பா.